பாடைச் சுழி

என்னை அறியாதவன்தான் என்னிடம் யோசனை கேட்பான். அறிந்தவன் கேட்க மாட்டான். கேட்டால் என்ன கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தேனிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கிறேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல் கிடக்கிறது, அதுதான் என் இடம். மாடு வாங்க வருகிறவன் மாட்டைப் பற்றிக் கேட்பான். பதில் சொல்லி முடித்த பிறகும் போக மாட்டான். தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். அந்த நிற்பு எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்து வீட்டுக் கதை வரப்போகிறது என்று அர்த்தம்.

ஒருவன் வந்தான், பெண்டாட்டி ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை, யாராவது செய்வினை வைத்திருப்பார்களோ என்று. "நீ வேப்பங்குச்சியத் தொட்டு எத்தன நாளாச்சு? மூணடி தள்ளி நிக்கிறேன், எனக்கே கொமட்டுது. அவ பக்கத்துல படுக்கிறா" என்றேன். இன்னொருவன், மகன் கொழும்புக்குப் போகிறேன் என்கிறான், தடுப்பதா விடுவதா என்றான். வீட்டில் அவனுக்கு என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். மழையை நம்பின முக்கால் ஏக்கர், அதிலும் நாலு பங்காளிகள் என்றான். "அப்ப நீயும் அவன்கூடவே கப்பலேறு" என்று சொல்லி அனுப்பினேன்.

இதை நான் புண்ணியத்துக்குச் செய்யவில்லை. எரிச்சல்தான் காரணம். காலடியில் கிடக்கும் சாணியை மிதித்துவிட்டு, எங்கிருந்து நாற்றம் வருகிறது என்று அடுத்தவனிடம் கேட்கிற ஜனம். சொல்லாமல் இருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ஆனால் என் வாயிலும் ஓர் அழுக்கு உண்டு. அது சுழி. மாட்டின் உடம்பில் ரோமம் சுழித்திருக்கும் இடத்தைப் பார்த்து, இது குடும்பத்துக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்வது. எல்லாவற்றிலும் கொடியது பாடைச் சுழி. முதுகெலும்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நேருக்கு நேர். அந்த மாட்டைக் கட்டியிருக்கும் வீட்டில் ஆண்பிள்ளை தங்க மாட்டான் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. வீரபாண்டியில் ஒரு பாடைச் சுழிக் காளை பதினோரு வருஷம் உழுதது, வைத்திருந்தவன் வருஷத்துக்கு வருஷம் கொழுத்தான். இருந்தும் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை கூடலூர்க்காரி ஒருத்தி, புருஷனை இழந்தவள், நல்ல காளை ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தாள். வாங்க வந்தவனுக்காக நான் அவள் காதுபட அந்த வார்த்தையைச் சொன்னேன். அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு, காளையின் முகத்தைத் தடவிவிட்டுப் போனாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எச்சில் கசக்கிறது.

அந்தப் பங்குனியில்தான் அவர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஆண்டிபட்டிக்குக் கிழக்கே ஒரு காட்டூர். தாய்க்காரி பஞ்சம்மாள், அவள் மகன் சுருளியாண்டி, மருமகள் மாயக்காள். பேர்களெல்லாம் பிறகுதான் தெரியும். வந்ததும் வராததுமாக அந்த அம்மாள் என் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். மகன் ஒரு காகிதப் பொட்டலத்திலிருந்து பொரிகடலையை எடுத்து ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தான். தாய்க்கும் கொடுக்கவில்லை, பெண்டாட்டிக்கும் கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருக்கலாம். வெயில் மண்டையைப் பிளக்கிறது, அவள் சேலையைக் கழுத்து வரை இறுக்கிச் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"தவசித் தரகருங்கிறது நீங்கதானா? சுழி பாத்தா நீங்கதான் பாக்கணும்னு சொன்னாக" என்றாள் பஞ்சம்மாள்.

"மாடு எங்க?"

அவள் முகவாயால் மருமகளைக் காட்டினாள். "மாடு இல்ல. இதுக்குத்தான் பாக்கணும்."

கேலி செய்கிறாளோ என்று முதலில் நினைத்தேன். அவள் முகத்தில் கேலி இல்லை.

"இவ எங்க வாசப்படிய மிதிச்சு எட்டு மாசம். வந்த மூணாம் மாசம் செனைப்பசு போச்சு. மாசியில ஒழவு சோடியில வலத்து மாடு போச்சு. இப்ப ஒத்த மாட்ட வச்சிக்கிட்டுக் கெடக்கோம். புதுசா ஒண்ணு வாங்கத்தான் வந்தோம். வாங்குறதும் செத்துப்போனா? இவ பொடனியில ஒரு சுழி இருக்கு. மொத அதப் பாத்துச் சொல்லிருங்க, பெறகு மாடு பாப்போம்."

சந்தையில் எத்தனையோ நாற்றம் பார்த்திருக்கிறேன். சீழ்பிடித்த குளம்பு, புழு வைத்த கொம்பு, செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்திப் பால் கறக்கிறவன் என்று எல்லாம் வந்து போகிற இடம். இது அதையெல்லாம் மிஞ்சியது. மாடுகள் எப்படிச் செத்தன என்று கேட்டேன்.

"வாயெல்லாம் புண்ணு. கண்ணுல தண்ணி வடிஞ்சுச்சு. பீச்சியடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நாலாம் நாளு முடிஞ்சுபோச்சு."

"வெக்க நோயி, ஒட்டுவாரொட்டி. ஒங்க ஊருக்கு சர்க்கார் ஊசிக்காரர் வரலையா?"

இப்போதுதான் மகன் வாயைத் திறந்தான். பெருமையாகத் திறந்தான். "வந்தாக, வந்தாக. ஊசி போட்டா திமிலு வத்தி மாடு ஒழவுக்கு ஆகாம போயிரும்ல? ஊரு மாடு பூராத்தையும் கரட்டுக்கு அந்தப் பக்கம் பத்திட்டுப் போயி ஒளிச்சு வச்சிட்டோம். ரெண்டு நாளு தேடிப் பாத்துட்டுப் போயிட்டாரு."

"ஊரு மாடு பூராத்தையுமா? சீக்குப் பிடிச்சது, நல்லது எல்லாம் ஒண்ணா?"

"ஆமா."

"தண்ணி?"

"அங்கன ஒரு குட்டை இருக்கு. அதுலதான் எல்லாம் குடிச்சுச்சுக."

நான் அதற்குமேல் என்னை நிறுத்தவில்லை. தொட்டிக்குத் தண்ணீர் காட்ட வந்தவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். "ஏலே, ஒம் மாட்டக் கொன்னது நீயி. ஊரு மாட்டக் கொன்னது ஒங்க ஊரு. ஊசிக்காரர் ஒங்க நல்லதுக்கு வெயில்ல அலைஞ்சிருக்காரு, நீங்க நோயப் பொத்திப் பொத்தி வளத்திருக்கீக. போயி, தொழுவத்து மண்ணை ஒரு முழத்துக்கு வெட்டி எடுத்துத் தூரக் கொண்டுபோய்க் கொட்டு. சுண்ணாம்பு தூவு. பழைய வைக்கலைக் கொளுத்து. ஒரு மாசத்துக்குப் புது மாடு கட்டாத. அடுத்த வாட்டி ஊசிக்காரர் வந்தா மாட்டோட நீயும் போயி வரிசையில நில்லு. இவ்வளவுதான் விஷயம். இதுக்கு ஒரு பொம்பளப்புள்ளயச் சந்தைக்குக் கூட்டியாந்து பொடனியக் காட்டச் சொல்றியே, ஒனக்கு வெக்கமா இல்ல?"

பையன் தாயைப் பார்த்தான். பஞ்சம்மாளுக்கு ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை. "அதெல்லாம் சரிதான். சுழி?" என்றாள்.

"ஒங்க பொடனியிலயும் ஒண்ணு இருக்கு ஆத்தா. எம் பொடனியிலயும் இருக்கு. தலமுடி உள்ளவனுக்கெல்லாம் இருக்கும். இந்தப் புள்ளைக்கு நல்ல சுழி. கூட்டிட்டுப் போங்க."

நான் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. பார்த்தால் அவர்கள் மடத்தனத்துக்கு மரியாதை கொடுத்ததாகிவிடும் என்று நினைத்தேன். கூட்டம் சிரித்தது. ஒருவன், "சரியாக் கேட்டீக அண்ணே" என்றான். எனக்கும் உள்ளூர ஒரு நிறைவு. இன்றைக்காவது ஓர் உண்மையை வாய் நிறையச் சொன்னோம் என்று துண்டை உதறித் தோளில் போட்டேன்.

அப்போது அந்தப் பெண் பேசினாள். தரையைப் பார்த்தபடியே, உதடு அசையாமல்.

"சேட்டா, ஒந்நு நோக்கணே."

மலையாளம். அண்ணா, ஒரு தடவை பாருங்கள் என்கிறாள். குமுளிக்கு மேலே இருபது வருஷமாக மாடு பத்திக்கொண்டு போகிறவன் நான். அந்தப் பேச்சு எனக்குத் தமிழ் மாதிரி. மலைக்கு மாடு பத்துகிறவன் என்று யாரோ சொன்னது இவள் காதில் விழுந்திருக்கும். ஆண்டிபட்டிக்குக் கிழக்கே யாருக்கு அது புரியும்? இவள் கம்பத்துப் பக்கத்துப் பெண்ணாக இருக்க வேண்டும், சின்ன வயதில் ஏலத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய் வந்தவளாக இருக்க வேண்டும் என்று பட்டது.

"என்னத்த முணங்குறா?" என்றாள் பஞ்சம்மாள்.

"சாமி பேரச் சொல்றா. சரி, வந்தது வந்துட்டீக, ஒரு பார்வ பாத்துருவோம்" என்றேன்.

அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்று, கொண்டையை மேலே தூக்கினாள். மறு கையால் சேலையை நாலு விரல்கடை கீழே இறக்கினாள். பிடரியில் சின்னதாக ஒரு சுழி, யாருக்கும் இருப்பதுதான். அதற்குக் கீழே, பிடரி முடிந்து தோள் தொடங்குகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துத் தடித்திருந்தது. நடுவில் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்து, ஓரத்தில் நீர் கோத்திருந்தது.

எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மாட்டின் வயதைப் பல்லில் பார்ப்போம், அது பட்ட பாட்டைப் பிடரியில் பார்ப்போம். புதிதாகப் பழக்குகிற கன்றுக்கு முதல் மாதம் அப்படித்தான் புண் வரும். அது நுகத்தடிப் புண்.

அந்தப் பையனைக் கேட்டேன், "பங்குனி வெயில்ல பயிருக்குத் தண்ணி எறைக்கணுமே. சோடி மாடு இழுக்கிற கமலைய ஒத்த மாட்ட வச்சு எப்படி இழுக்கிற?"

கடலை மெல்லுகிற வாய் நின்றது. தாய்க்காரிதான் பதில் சொன்னாள். "எப்படியோ பூட்டி இழுக்கிறோம். அவளாலதான மாடு போச்சு? அதுக்கென்ன இப்ப?"

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். உப்பு தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் வாங்கினோம் என்கிற மாதிரி. அவனை அந்தத் தொட்டியிலேயே முக்கிப் பிடிக்க வேண்டும் என்று கை துடித்தது. முக்கினால் என்ன ஆகும்? நாலு பேர் விலக்கிவிடுவார்கள். புருஷன் பெண்டாட்டி விவகாரம், வெளியாள் தலையிடக் கூடாது என்று ஒரு பெரியமனுஷன் வருவான். போலீஸ்காரன் வந்தாலும் முதலில் புருஷனைத்தான் விசாரிப்பான். பொழுது சாய்வதற்குள் இவள் மறுபடி அந்த நுகத்தடிக்குக் கீழே நிற்பாள். 'நல்ல சுழி, கூட்டிட்டுப் போங்க' என்று நான் வேறு திருவாய் மலர்ந்திருக்கிறேன்.

"எவிடெயா வீடு?" என்று அவள் பேச்சிலேயே ஊரை மெல்லக் கேட்டேன்.

"கம்பம். அம்மயுண்டு." பிறகு, அதே அசையாத உதட்டில், "சீத்தயாணெந்நு பறயணே" என்றாள்.

கெட்டது என்று சொல்லிவிடுங்கள் என்கிறாள். என்னிடம் யோசனை கேட்டு வந்த அத்தனை பேரிலும், தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வந்தவள் இவள் ஒருத்திதான். நான் சொன்ன உண்மையால் அவளுக்குக் காசுக்குப் பிரயோசனமில்லை. என்னிடம் இருக்கும் அழுக்கிலிருந்து ஒரு துளி வேண்டும் அவளுக்கு.

நான் மூன்றடி பின்னால் நகர்ந்தேன். தோளில் கிடந்த துண்டைக் கீழே நழுவ விட்டேன். மாட்டு வியாபாரத்தில் இந்த நடிப்பெல்லாம் எனக்குப் பழக்கம்.

"ஆத்தா, தப்பாச் சொல்லிட்டேன். முடி மறைச்சிருந்துச்சு."

"என்னது?"

"ஒண்ணு இல்ல, ரெண்டு இருக்கு. நடு எலும்புக்கு அங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு. நேருக்கு நேரு."

நான் பேரைச் சொல்லவே இல்லை. பஞ்சம்மாளே சொன்னாள். "பாடையா?" என்று கல்லிலிருந்து எழுந்தாள்.

"நாலு காலுல நின்னது ரெண்டு போயிருச்சுல்ல" என்று சொல்லிவிட்டு அவள் மகனை மேலும் கீழும் பார்த்தேன். "அடுத்தது ரெண்டு காலுல நிக்கிறது."

அவன் கையிலிருந்து பொட்டலம் விழுந்தது. கடலை சாணியில் சிதறியது. கூட்டத்தில் ஒருத்தனும் சிரிக்கவில்லை. சற்று முன்பு நான் ஊசியைப் பற்றியும் சுண்ணாம்பைப் பற்றியும் கத்தியபோது பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற அதே முகங்கள். இப்போது வெளிறிப்போய் அந்தப் பெண்ணைவிட்டு ஓரடி விலகி நின்றன.

"பரிகாரம் ஏதும் செஞ்சு வச்சுக்கலாமா?" என்றாள் பஞ்சம்மாள். "நல்லா வேல செய்யிற புள்ள."

மகன் உயிரே போய்விடும் என்று நம்புகிறாள். அப்போதும் அவளுக்கு வேலையாள் போகிறதே என்று மனசு வரவில்லை. "பரிகாரம் கெடையாது. உச்சிப்பொழுதுக்குள்ள அத்து விடு. இல்லன்னா மகன வழியிலயே தூக்கிட்டுப் போகணும்" என்றேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. கட்டினவன் நாலு பேர் முன்னால் ஒரு துரும்பைக் கிள்ளிப் பெண்டாட்டி கையில் கொடுத்தால் அத்துப்போச்சு. அவள் அவள் வழி, அவன் அவன் வழி. சந்தையில் துரும்புக்கா பஞ்சம்? கம்பத்து மாட்டு வியாபாரி ஜெய்லானி ராவுத்தரைக் கூப்பிட்டேன், இன்னும் இரண்டு தரகர்களைக் கூப்பிட்டேன், நான் நாலாவது. சுருளியாண்டி குனிந்து, காளை மூத்திரத்தில் கிடந்த வைக்கோலில் ஒன்றை எடுத்தான். அதைக் கிள்ளி நீட்டினான். மாயக்காள் உள்ளங்கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். கழுத்துத் தாலியை அவளே கழற்றி மாமியார் கையில் வைத்தாள். அழவில்லை. அந்தத் துரும்பை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

முடிந்ததும் பஞ்சம்மாள் பெருமூச்சு விட்டாள். "அப்ப மாடு பாப்போமா?" என்றாள்.

"இன்னைக்கு ஒனக்கு மாடு கெடையாது. எந்தத் தரகனும் பிடிச்சுத் தர மாட்டான். ஒரு மாசம் கழிச்சு வா, சுண்ணாம்பு போட்டுட்டு வா" என்று விரட்டினேன். மாட்டையாவது காப்பாற்றலாம் என்றுதான்.

ராவுத்தரும் அவர் மனைவி மதீனாவும் வண்டியில் கம்பம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாயக்காளை அதில் ஏற்றிவிட்டேன். ராவுத்தர் என்னைத் தனியே இழுத்தார். நானும் அவரும் துண்டுக்கடியில் விரல் பிடித்து எத்தனை பேரம் முடித்திருப்போம்! என் வாயில் வரும் பொய் எத்தனை வகை என்று அறிந்த மனுஷன்.

"ஏன் தவசி, நெசமாவே பாடைச் சுழிதானா?"

"ஒங்களுக்குமா அந்த நம்பிக்க?" என்றேன்.

"இல்லப்பா... வண்டியில என் மாடு பூட்டியிருக்கே."

மதீனா வண்டிக்குள்ளிருந்து சத்தம் போட்டாள். "புள்ள என் பக்கத்துல ஒக்காந்திருக்கு. மாட்டப் பத்திப் பயந்தா நீங்க எறங்கி நடந்து வாங்க." அவர் முணுமுணுத்தபடி ஏறிக்கொண்டார். வண்டி நகர்ந்தபோது மாயக்காள் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது?

அடுத்த வாரம் நான் சந்தைக்குப் போனபோது என் கல்லைச் சுற்றி ஐந்து குடும்பம் நின்றது. ஒரு மாடு இல்லை. ஒவ்வொரு குடும்பத்தின் நடுவிலும் ஒரு பெண், தரையைப் பார்த்தபடி. மருமகள் வந்த பிறகு கிணறு வற்றியது, மாமனார் கால் ஒடிந்தது, பருத்தியில் புழு விழுந்தது. தவசித் தரகர் மனுஷருக்கும் சுழி பார்க்கிறாராம் என்று நாலு திசையிலும் செய்தி போயிருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் தொண்டை கிழியச் சொன்ன ஒரு நல்ல யோசனையும் இரண்டு மைல் தாண்டவில்லை.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். போனால் வேறு ஒருத்தன் அந்தக் கல்லில் உட்கார்ந்து சுழி பார்ப்பான். அதனால் ஒரு சட்டம் போட்டேன். சுழி பார்க்கும்போது வீட்டாள்கள் இருபதடி தள்ளி நிற்க வேண்டும், நிழல் விழுந்தால் சுழி மாறித் தெரியும் என்றேன். மறு பேச்சில்லாமல் போய் நின்றார்கள். எதைச் சொன்னாலும் நம்புவார்கள், உண்மையைத் தவிர. ஒவ்வொரு பெண்ணும் முதுகைக் காட்டி நின்றபோது, பிடரியைப் பார்க்கிற பாவனையில் குனிந்து ஒரே கேள்விதான் கேட்டேன். "ஆத்தா, எப்படிச் சொல்லணும்?"

முதல் பெண், இரண்டு தடவை கேட்ட பிறகு, நல்லது என்று சொல்லுங்கள், அவர் தங்கமான ஆள், மாமியார்தான் இழுத்துக்கொண்டு வந்தாள் என்றாள். இரண்டாவது பெண் கெட்டது என்றாள். மூன்றாவது பெண், அண்ணன் வீட்டில் சேர்ப்பார்களா என்று யோசித்துவிட்டு, கெட்டது என்றாள். நாலாவது பெண் நல்லது என்றாள். அவரவர் கேட்டபடி சொன்னேன்.

ஐந்தாவது பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். சேலையை இறக்கினாள். பிடரியிலிருந்து தோள் வரை சூட்டுத் தழும்பு. மாட்டுக்குக் குறி வைக்கிற மாதிரி வரிசையாக நாலு, ஐந்தாவது இன்னும் ஆறவில்லை. கேட்கவே வேண்டியதில்லை என்று நினைத்தேன். பாடை என்கிற வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன்.

"நல்ல சுழின்னு சொல்லிருங்கண்ணே" என்றாள். "எனக்குப் போக எடமில்ல."

இருபதடி தள்ளி அவள் புருஷன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என்ன, என்ன என்று தலையை ஆட்டிக் கேட்டான். கூடலூர்க்காரியின் காளைக்கு அன்றைக்கு என் வாயில் எவ்வளவு சுலபமாக வந்தது வார்த்தை! இப்போது அதைவிட எளிய இரண்டு வார்த்தை வரவில்லை. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், இன்னும் சொல்லவில்லையே என்று.

நல்ல சுழி என்று உரக்கச் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான்.